முதல் கிண்ணம்

சிம்மக்கல்லில் இருபத்தெட்டு வருஷமாக டீக்கடை போட்டிருக்கிற எனக்கா இன்னொருத்தர் டீயைப் பற்றிச் சொல்லித்தரணும்? கடைக்கு லீவு விட்டு, மனைவி மாயக்காளோடு அழகர்கோவில் ரோட்டு ரிசார்ட்டுக்குப் போயிருந்தேன். அங்கே சீன முறைப்படி தேநீர் தரும் அறை; கிண்ணம் அரை உள்ளங்கை அளவு, விலை ஆனை அளவு.

பரிமாற வந்த பொண்ணு ஊற்றிவிட்டு ஏதோ விளக்க வந்தாள். கையமர்த்திவிட்டு, கண்ணை மூடிக் குடித்தேன்.

“இதாம்மா டீ! ஒரு வாய்லயே தரம் தெரியுது.”

“சார், அது கிண்ணம் கழுவ ஊத்துனது. கீழ கொட்டிருவோம்.”

மாயக்காள் சிரிக்கக்கூட இல்லை.

“அவரு மேல தப்பில்ல தாயி. எங்க கடையில அம்புட்டுப் பேரும் கிளாஸ் கழுவுன தண்ணியத்தான் குடிக்கிறாக.”