பூட்டுக்கு ஒரு நடவுப் பாட்டு

தன் ஆயுள் சேமிப்பை ஊர்ப் பெண்கள் ராகம் போட்டுப் பாடுவதைச் சதீஷ் வரப்பில் நின்றபடி கேட்டான். கையில் நடவாட்களுக்குக் கொண்டுவந்த டீத் தூக்கு. குறுவை அறுத்த வயலில் ஐப்பசித் தாளடி நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

"சோம்பேறி மாமா ஏணியில ஏறி மாங்காய்க்குப் போனாராம்" என்று கலைமகள் எடுத்துக் கொடுத்தாள். குடவாசல் பக்கத்தில் எந்த வயலில் நடவென்றாலும் பாட்டுக்கு அவள்தான் தலைவி. குனிந்த தலை நிமிராமல் மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். "கழுதைக்குக் குடையாம், குடைக்குக் கோவமாம், கிளிக்குச் சிரிப்பாம், ஓடத்துல நிலாவாம்."

முதலில் அவனும் சிரித்தான். அபத்தமான பாட்டாக இருந்தாலும் மெட்டு நன்றாக இருந்தது. கழுதைக்குப் பின்னால் குடை வந்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கழுதை, குடை. இந்த இரண்டும் இந்த வரிசையில் அவனுக்கு நன்றாகத் தெரிந்தவை. தூக்கிலிருந்த டீ பாதி வரப்புக்குப் போயிற்று.

விஷயம் இதுதான். சதீஷ் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவன். சம்பளம் வாங்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்காயின் வாங்கிச் சேர்த்தான். அறையில் கூட இருந்த ஒருவன், வந்த குறுஞ்செய்தியை நம்பி ஒரு லிங்க்கைத் தொட்டான். டீ குடித்து முடிப்பதற்குள் அவன் சேர்த்ததெல்லாம் காணாமல் போயிருந்தது. அதைக் கண்ணால் பார்த்த நாளிலிருந்து சதீஷுக்குத் திருட்டுப் பயம் பிடித்துக்கொண்டது. அவனுக்கு எதுவும் அரைகுறையாகப் பிடிக்காது.

அவனுடைய போனில் பிட்காயினைப் பூட்டி வைக்கும் ஒரு வாலட் இருந்தது. அதைத் தொடங்கும்போதே பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைக் கொடுத்துவிடுவார்கள். போன் தொலைந்தால் அந்தச் சொற்களை வரிசை மாறாமல் இன்னொரு போனில் தட்டினால் போதும், சேமிப்பு முழுவதும் திரும்பி வந்துவிடும். வேறு யாராவது தட்டினாலும் வந்துவிடும் என்பதுதான் சங்கடம். பேங்க் மேனேஜரிடம் போய் அழ முடியாது, மேனேஜரே கிடையாது.

ஆகவே வைகாசியில் விடுமுறைக்கு வந்தபோது மனைவி பூர்ணிமாவை உட்கார வைத்து அந்தச் சொற்களை மனப்பாடம் செய்ய வைத்தான். பேப்பரில் எழுதி வைத்தால் யாராவது எடுப்பார்கள், போனில் போட்டோ பிடித்து வைத்தால் எவனாவது உள்ளே புகுந்து பார்ப்பான் என்பது அவன் கட்சி. அவள் ஒப்பித்து முடித்ததும் பேப்பரை அடுப்பில் போட்டான். தானும் மனப்பாடம் செய்துகொண்டுதான் விமானம் ஏறினான். அங்கே போனதும் கழுதையையும் குடையையும் தவிர மீதியெல்லாம் மறந்துவிட்டது. போனில் கேட்கலாமென்றால் ஒட்டுக் கேட்பார்களோ என்று பயம். பூர்ணிமாவுக்குத் தெரியும், அது போதும் என்று இருந்துவிட்டான். புரட்டாசியில் ஒரேயடியாக ஊர் திரும்பிய பிறகும், மறந்ததை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு அவளிடம் கேட்கவில்லை.

அந்தச் சேமிப்பு எதற்கென்றால், இந்த வயலுக்குத்தான். அவன் அப்பா காலத்திலிருந்து குத்தகைக்குச் செய்யும் நிலம். உடைமைக்காரர் சாரங்கபாணி தஞ்சாவூரில் குடியிருந்தார். விற்றுவிட்டு மகன் வீட்டோடு போவதாக முடிவு செய்தவர், முதலில் கேட்கும் உரிமை உங்களுக்குத்தான் என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார். கார்த்திகை முகூர்த்தத்தில் பத்திரம். தவறினால் மனை போடுகிறவர்கள் தயாராக நின்றார்கள். வாய்க்கால் மடையைத் தாண்டும்போதெல்லாம் சதீஷ் அந்த மண்ணை ஒரு தடவை மிதித்துப் பார்த்துக்கொள்வான். சொந்தக் காலணி மாதிரி பொருந்தும்.

பூர்ணிமாவைச் சைகை காட்டிக் கரைக்கு வரவழைத்தான். அவள் முழங்கால் சேற்றோடு வந்து நின்று, கேட்டதும் துளிக்கூடப் பதறவில்லை.

"மறக்கவே கூடாதுன்னு சொன்னது நீங்கதானங்க. மறந்தனா?" என்றாள்.

ஆனி மாதக் குறுவை நடவில் அந்தச் சொற்களைத் தமிழாக்கி மெட்டுக் கட்டி முணுமுணுத்திருக்கிறாள். பக்கத்து வரிசையில் கலைமகள். நடவு வயலில் ஒரு பாட்டை ஒருத்தி மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்ன? மறுநாளே அது ஊர்ப் பாட்டாகிவிட்டது. பிட்காயினைப் பற்றி இங்கே யாருக்கு என்ன தெரியும், இது பாட்டுதானே என்று அவள் சிரித்தாள்.

அவள் சொல்வது சரியென்றே அவனுக்கும் தோன்றியிருக்கும், சாலையோரம் பர்வின் போனைத் தூக்கிப் பிடித்து நிற்பதைப் பார்க்காமல் இருந்திருந்தால். பர்வின் குடவாசலில் தையல் கடை வைத்திருப்பவள். ஜாக்கெட் கொடுக்க வந்த இடத்தில் பாட்டு பிடித்துப்போய் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு இங்கே, நாளைக்கு உலகம் பூராவும் என்று சதீஷுக்குத் தலை சுற்றியது. வாய்க்காலைத் தாண்டி ஓடினான். உண்மையைச் சொல்ல முடியாதே, அதனால் நடுகிறபோது படம் எடுத்தால் பயிருக்குக் கண்பட்டுவிடும் என்று ஒரு போடு போட்டான். அவள் பாவம், அந்த இடத்திலேயே அழித்து, மன்னிப்பும் கேட்டாள்.

இனி ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது, புது வாலட் தொடங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட வேண்டும் என்று திரும்பி வந்தான். போன் கைலி மடிப்பில் இருந்தது. வாய்க்காலைத் தாண்டக் காலை எட்டி வைத்தான். கால் அக்கரை சேர்ந்தது, போன் சேரவில்லை.

ஆற்றில் தண்ணீர் விட்டு வாய்க்கால் நிறைய ஓடிய நேரம். துழாவி எடுத்தபோது போனுக்குள் வண்டல் போயிருந்தது. உலுக்கினான், துடைத்தான், வெயிலில் வைத்தான். அது கண் திறக்கவில்லை.

பூர்ணிமாதான் தைரியம் சொன்னாள். இதற்குத்தானே மனப்பாடம் செய்தது? வீட்டுக்குப் போய் அவள் போனில் வாலட்டை இறக்கினார்கள். அவள் பாட, அவன் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் தட்டினான். சோம்பேறி, மாமா, ஏணி, ஏறு, மாங்காய் என்று கடைசி நிலா வரைக்கும் எல்லாச் சொல்லையும் ஏற்றுக்கொண்டது. முடிவில், சொற்கள் பொருந்தவில்லை என்று சிவப்பில் ஒரு வரி வந்தது.

மறுபடி தட்டினார்கள். எழுத்துப் பிழை இல்லை. வரிசையை மாற்றிப் பார்த்தார்கள். அதே சிவப்பு. பூர்ணிமா மெல்ல உட்கார்ந்தாள்.

"எங்கயோ மாறிருக்குங்க. நாலு மாசமா அவங்க பாடுறதயே நானும் பாடிப் பாடி, எது என் பாட்டு எது அவங்க பாட்டுன்னு தெரியல."

கோபம் அவன் தொண்டை வரைக்கும் வந்தது. அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் உள்ளேயே போய்விட்டது. பேப்பரை அடுப்பில் போட்டவன் யார்? திருடன் வரும் வழியையெல்லாம் தேடித் தேடி அடைத்தவன், தாங்களே திரும்பி வர ஒரு வழியை விட்டுவைக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நிலம் போனாப் போவுது, நாம இருக்கோம்ல" என்றான். மனதாரச் சொன்னான் என்று சொல்ல முடியாது. ஆனாலும் சொன்னான், அவளும் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

காலையில் இருவரும் வயலுக்குப் போனார்கள். காரணத்தைச் சொல்லாமல், இந்தப் பாட்டை ஆனி மாதம் முதல் நாள் எப்படிப் பாடினோம் என்று பூர்ணிமா கலைமகளைக் கேட்டாள். கலைமகள் வரப்பில் நின்று தொண்டையைச் செருமினாள். ஒரு வரி வந்தது, அடுத்தது வரவில்லை. கரையில் நின்றால் தனக்குப் பாட்டு வராது, குனிந்து கையில் நாற்று ஏறினால்தான் வரும் என்று கையை விரித்துவிட்டாள்.

பூர்ணிமா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். சதீஷுக்கும் கரையில் நிற்கப் பொறுக்கவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனும் இறங்கினான். நடவாட்களுக்கு அன்றைக்கு வேறு பொழுதுபோக்கே வேண்டியிருக்கவில்லை. சிங்கப்பூர் நாற்றைப் பாருங்கள், சிங்கப்பூர் இடுப்பைப் பாருங்கள் என்று கேலி பறந்தது. அவன் நட்ட வரிசை சாரைப்பாம்பு போன வழி மாதிரி நெளிந்தது. கலைமகள் அதைப் பிடுங்கி நேராக நட்டுவிட்டு மேலே போனாள்.

கை ஓட ஓடப் பாட்டும் ஓட ஆரம்பித்தது. "சோம்பேறி" என்று எடுத்த கலைமகள் தானாகவே நிறுத்திச் சிரித்தாள்.

"ஆனியில மாமா இல்லடி. நான்தான் மாத்துனேன்" என்று பூர்ணிமாவின் காதுப் பக்கம் குனிந்தாள். "நீ பாட்டுக்கு 'சோம்பேறி அத்தை'ன்னு பாடிட்ட. எனக்கு அந்தப் பக்கம் நின்னது யாரு? பிரகதாம்பா அத்தை. அது மொறச்ச மொறப்பப் பாத்து, சட்டுனு மாமான்னு போட்டுட்டேன்."

பிரகதாம்பாள் சதீஷின் அப்பாவுக்குத் தங்கை முறை, ஆகவே ஊரில் பாதிப் பேருக்கு அத்தை. கோபித்துக்கொண்டால் ஒரு போகம் முழுக்கப் பேசமாட்டாள். அவள் மனம் நோகக் கூடாது என்று கலைமகள் சொல்லை மாற்றிப் போட்ட இடத்தில்தான் அவர்களுடைய சேமிப்பு மொத்தமும் மாட்டிக்கொண்டிருந்தது. மாமா என்று மாற்றியதும் ஒவ்வொருத்திக்கும் தன் வீட்டுக்காரர் ஞாபகம் வந்ததால், எல்லாரும் குஷியாகப் பாடி அதையே நிலைநிறுத்திவிட்டார்கள்.

பூர்ணிமா நாற்றும் கையுமாக நிமிர்ந்தாள். "அத்தை!" என்றாள்.

மூன்று வரிசை தள்ளி நின்ற பிரகதாம்பாள் நிமிர்ந்து, "என்னடி?" என்றாள்.

பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேற்றில் விழுந்தடித்துக்கொண்டு வரப்புக்கு ஓடினார்கள். கையை வாய்க்காலில் கழுவினான், கைலியில் துடைத்தான், பிளாஸ்டிக் பையிலிருந்து பூர்ணிமாவின் போனை எடுத்துச் சொற்களைத் தட்டினான். இரண்டாவது இடத்தில் மாமாவை எடுத்துவிட்டு அத்தையைப் போட்டான்.

திறந்துகொண்டது.

பூர்ணிமா சேற்றுக் கையால் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். அவ்வளவு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் இருவருக்கும் வரவில்லை. அவன் திரும்பி வயலுக்குள் ஓடி, நடுச் சேற்றிலேயே பிரகதாம்பாள் காலில் விழுந்தான். அவள் பயந்துபோய், தம்பிக்கு வெயில் தலைக்கேறிவிட்டது, மோர் கொண்டுவாருங்கள் என்றாள்.

அன்று மத்தியானமே புது வாலட் தொடங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றினார்கள். இந்த முறை மனப்பாடத்தை நம்பவில்லை. சதீஷ் தன் பட்டறைப் பெட்டியிலிருந்து எழுத்து உளிகளை எடுத்து, புதுச் சொற்களை இரண்டு எவர்சில்வர் தகட்டில் சுத்தியலால் அடித்தான். நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் கரையானுக்கும் அஞ்சாத தகடுகள். அவற்றைத் தனித்தனியாக இரண்டு இடத்தில் வைத்தார்கள். எங்கே என்று கேட்காதீர்கள், எனக்கும் சொல்லவில்லை. கார்த்திகைக்கு முன்பே, தேவையானதை முறைப்படி விற்றுப் பேங்க்கில் வரவு வைத்தார்கள். சாரங்கபாணி வந்து, சொன்ன சொல் தவறாமல் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஆனியில் குறுவை நடவு. இந்த முறை சொந்த வயல். பழைய சொற்களைத் தட்டினால் காலி வாலட்தான் திறக்கும் என்பதால், பூர்ணிமா அதற்குள் எல்லாருக்கும் கதையைச் சொல்லியிருந்தாள். கேட்டதிலிருந்து பிரகதாம்பாளுக்குத் தலைகால் புரியவில்லை. நிலத்தை வாங்கிக் கொடுத்ததே தான்தான் என்று குடவாசல் கடைத்தெரு வரைக்கும் சொல்லிவிட்டாள். அன்று கலைமகளை வாய் திறக்க விடாமல் தானே முதல் வரியை எடுத்தாள்.

"சோம்பேறி அத்தை ஏணியில ஏறி மாங்காய்க்குப் போனாளாம்!"

வயலே வாங்கிக்கொண்டது. சதீஷ் போன் செய்து வரவழைத்த பர்வின், கண்பட்டால் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வீடியோ எடுத்தாள். உலகம் பூராவும் போகட்டும் என்றான் அவன். ஒருவர் காதிலும் விழக் கூடாது என்று வருஷக்கணக்காகப் பொத்தி வைத்தது காற்றில் பறந்து போவதைக் கேட்கக் கேட்க அவனுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இவ்வளவு சந்தோஷமாக அவன் என்றைக்கும் இருந்ததில்லை.

டீத் தூக்கை வரப்பில் வைத்துவிட்டு, கேலியைப் பொருட்படுத்தாமல் இறங்கி அவனும் நட்டான். பழையபடி வரிசை நெளிந்துகொண்டு போயிற்று. கலைமகள் வழக்கம்போல் பிடுங்கக் குனிந்தாள். பிரகதாம்பாள் பாட்டை நிறுத்தி அவள் கையைப் பிடித்தாள்.

"வுடுடி. அவன் நிலம், அவன் வரிசை."