துரியன் பழுத்த வருஷம்

பினாங்கிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் சேலையும் தைலமும் கொண்டுவருவார்கள். திரவியம் தகர டப்பாக்களில் மண்ணோடு துரியன் கன்றுகளைக் கொண்டுவந்தான். அவன் மனைவி மங்கலத்துக்கு அவற்றைப் பார்த்த அன்றே பிடிக்கவில்லை.

கரமனை ஆற்றோரம் அவர்களுக்குச் சின்னதாக ஒரு விளை இருந்தது. அதில் நின்ற ஏத்தவாழைதான் குலையாகச் சாலைக் கடைத்தெருவுக்குப் போய் அரிசியாக வீடு திரும்பும். அந்த வாழையில் பாதியை வெட்டிவிட்டு அவன் கன்றுகளை நட்டான்.

"நெறைய நெலம் உள்ளவனுக்கு எத வச்சாலும் பொழப்பு நடக்கும். நம்மளமாதிரி ஆளுக்கு இதுல நாலஞ்சு மரம் போதும், கேட்டியா. அங்க இந்தப் பழத்துக்கு அடிபிடி."

"இங்க எவன் தின்பான்?"

"ஒருக்கா தின்னுட்டா விடமாட்டான்."

அடுத்த விளைக்காரன் தாணுமாலயனுக்கும் இந்தப் பேச்சில் மயக்கம் வந்துவிட்டது. வேலியோரம் நின்ற பெரிய பலாவை வெட்டிவிட்டு அவனும் இரண்டு கன்று வாங்கி நட்டான். அதன்பின் மழைக்காலம் வந்தால் அவன் மனைவி பிச்சம்மாள் மரச்சீனிக் கிழங்கு கேட்டு மங்கலத்தின் அடுக்களை வாசலுக்கு வருவாள்.

"முன்னெல்லாம் அந்தப் பலாவுல கெடைச்ச சக்கக்கொட்டைய வச்சே மழைய ஓட்டிருவோம், மதினி" என்பாள். அதில் குறையோ குத்தலோ இருக்காது. அதுதான் மங்கலத்தைச் சுட்டது.

துரியன் வளர வளர மிச்ச வாழையும் நிழலில் சூம்பிப்போயிற்று. மங்கலம் ஆரியசாலையில் ஒரு வியாபாரி வீட்டுக்கு நெல் குத்தப் போனாள். வருஷங்கள் இப்படியே போயின.

ஒருவழியாக மரங்கள் காய்த்தன. முதல் பழங்கள் விழுந்ததும் திரவியமும் தாணுமாலயனும் கூடைகளில் சுமந்து சாலைக் கடைத்தெருவுக்குப் போனார்கள். மங்கலமும் பின்னாலேயே போனாள். பழக்கமான கடைக்காரர் முன்னால் திரவியம் ஒன்றைப் பிளந்தான். கடையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள்.

"ஒரு சுளை தின்னு பாருங்க, அண்ணாச்சி."

"கோவிச்சுக்கிடாதயும், திரவியம். இத அங்கிட்டுக் கொண்டுபோரும். அரிசிச்சாக்குல நாத்தம் ஏறினா என் கடைக்கு எவன் வருவான்?"

யாரோ சிரித்தார்கள். நீட்டிய சுளையோடு திரவியம் நின்றான். தாணுமாலயன் கூடையை ஓடையோரம் இறக்கிவைத்துவிட்டு நடந்தான். மறுநாள் காலையில் அவன் விளையில் கோடாலிச் சத்தம் கேட்டது.

திரவியம் அடுக்களைக்கு வந்து, வாழையிலையில் ஒரு சுளையை அவள் முன்னால் வைத்தான். "நீயாவது தின்னு பாரு."

மங்கலம் மூச்சை அடக்கிக்கொண்டு வாயில் போட்டாள். வெண்ணெய்போல் கரைந்தது. பாலும் வெல்லமும் சேர்ந்த தித்திப்பு. அடியில் லேசான ஒரு கசப்பு. அவள் வாழ்நாளில் அப்படியொன்றைத் தின்றதில்லை.

"எப்படி இருக்கு?"

அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்னும் பத்து வருஷம் இந்த மரங்களோடு கிடப்பான். அது அவளுக்குத் தெரியும். காய்த்துப்போன தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். வேலிக்கப்பால் கோடாலி விழுந்துகொண்டே இருந்தது.

"வாயில வைக்கக் கொள்ளாது" என்றாள்.

அவன் தலையாட்டினான். எழுந்துபோய்க் கோடாலியை எடுத்தான். மரம் வீட்டின்மேல் சாயாமல் இருக்க அவள்தான் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொடுத்தாள்.

"அன்னைக்கே நீ சொன்னதக் கேட்டிருக்கணும்" என்றான் திரவியம், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

இத்தனை வருஷமும் அவள் காத்திருந்த பேச்சு அது. மங்கலம் கயிற்றை அவிழ்த்து அடுத்த மரத்தில் கட்டினாள்.