பக்கத்து இருக்கையின் எடை

...இல்லை, இது அந்தச் சத்தம் இல்லை, இது ஏதோ லாரி, அந்தச் சிவப்பு வண்டி வந்தால் தெருமுனையிலேயே தெரிந்துவிடும், கச்சேரிக்கு முன்னால் தொண்டையைச் செருமுகிற பாடகன் மாதிரி முதலில் ஓர் உறுமல், அப்புறம்தான் உருவம்... போய் எவ்வளவு நேரமாகிறது, கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் அவன் வேறொரு வண்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டான், ஆனால் படுத்தால் காது இன்னும் கூர்மையாகிவிடுகிறது, ஆயில் சொட்டுகிற சத்தம்கூட அவள் சிரிப்பது போலக் கேட்கிறது. சே, என்ன மனுஷன் நான். பிரேக் பார்க்கத்தானே போயிருக்கிறாள், மடியில் வண்டிக் கோளாறைப் படிக்கிற ஸ்கேனரை வைத்துக்கொண்டு? அவள் வேலையே அதுதானே?

வேலைதான். ஆனால் அந்த வேலை அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் சொந்தமானதில்லையா? பட்டறை திறந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம், அவன் ஓட்டுவான், பக்கத்து இருக்கையில் மனைவி, ஸ்கேனர் திரையில் நான்கு சக்கரத்தின் வேகமும் ஓட ஓட அவள் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வருவாள், முன் இடது நாப்பது, முன் வலது நாப்பது, பின் இடது நாப்பத்தொண்ணு, பிரேக் பிடிங்க, இப்ப விடுங்க... கல்யாணமான புதிதில் சினிமாவுக்குப் போனதைவிட இப்படிப் போனதுதான் அதிகம், கோளாறு பிடித்த வண்டிகளில்தான் அவர்கள் ஊர் சுற்றினார்கள். முதல்நாள் சண்டை போட்டிருந்தால் அந்த ‘நாப்பது’ உலர்ந்து வரும், கோபம் ஆறிவிட்டால் கடைசி எழுத்தில் ஒரு சின்ன வழுக்கல் இருக்கும், அதைக் கேட்டுத்தான் அவன் மூச்சு விடுவான். அந்தக் குரலை இப்போது சிவப்பு வண்டிக்காரர், அந்தப் பல் டாக்டர், கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டுக்கொண்டா? அவருக்கு என்ன புரியும் அந்த நாற்பதில்?

நேற்று சாயங்காலம்தான் அவர் வண்டியோடு வந்து நின்றார். பிரேக்குக்கான ஏபிஎஸ் விளக்கும் வண்டி சறுக்காமல் காக்கிற ஸ்டெபிலிட்டி விளக்கும் சேர்ந்து எரிகிறது, எப்போது எரியும் என்று தெரியாது, வண்டியை அணைத்துப் போட்டால் போய்விடும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து அவள் வந்தாள். “டேய், நீயா? பல்லைப் புடுங்கிப் புடுங்கியே இதை வாங்கிட்டியா?” பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்களாம். அவர் சொன்னது, “நீ இன்னும் அதே வாய்தான். அந்தக் கடவாய்ப் பல்லையாவது காட்டு, பாத்துடறேன்.” இருவரும் சிரித்தார்கள். அந்த ‘டேய்’... இத்தனை வருஷத்தில் வீட்டில் ஒரு தடவை கேட்டிருக்கிறானா? இவனுக்கு ‘ஏங்க’, ‘வாங்க’, ‘சாப்பிடுங்க’. மரியாதைதான், யார் இல்லையென்றது, ஆனால் மரியாதையில் கதவு பாதிதானே திறக்கிறது.

அதனால்தானா இன்று காலை அப்படிச் செய்தான்? அவள் வழக்கம்போல ஸ்கேனரோடு கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், “வேணாம், நீ அந்தப் பேட்டரியைப் பாரு, இதை நானே பாத்துக்கறேன்” என்று அவன் கிளம்பிவிட்டான். அந்தத் தோல் இருக்கையில் அவள் சாய்ந்து உட்காருவதை அவனால் பார்க்க முடியாது, அவ்வளவுதான். ஸ்கேனரை வெற்று இருக்கையில் போட்டுவிட்டு வளைத்து வளைத்து ஓட்டினான், மேடு பள்ளத்தில் இறக்கினான், காலி மைதானத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தான், விளக்கு கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. திரும்பி வந்து தூக்கி நிறுத்தி நான்கு சக்கரத்தின் சென்சாரையும் கழற்றித் துடைத்துப் பார்த்தான், சக்கரத்தோடு சுற்றுகிற பல் வளையத்தைப் பார்த்தான், வயரை, பேரிங்கை ஆட்டிப் பார்த்தான், எல்லாம் பளிச்சென்று இருந்தது, அந்தாள் சிரிப்பு மாதிரியே. அந்தச் சுத்தம்தான் எரிச்சலைக் கிளப்பியது. பல் டாக்டர் வந்ததும் சொல்லிவிட்டான், “வண்டியில ஒண்ணும் இல்ல சார், ஓட்டற விதத்துல இருக்கலாம்.” அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. அவள் பக்கம் திரும்பி, “அப்ப நீயே வந்து பாரேன், நான் எப்படி ஓட்டறேன்னு” என்றார். அவள் இவனைப் பார்த்தாள். நானும் வர்றேன் என்று சொல்லியிருக்கலாம், ஆனால் எங்கே உட்காருவது, அந்த வண்டியில் இருப்பதே இரண்டு இருக்கை.

உறுமல். வந்துவிட்டது. இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்தன, வண்டியடியிலிருந்து பார்த்தால் கால்கள்தான் தெரியும், அவளுடைய செருப்பு, அவருடைய மினுங்கும் ஷூ, எது எந்தப் பக்கம் இறங்கியது என்று யார் பார்த்தார்கள், சிரிப்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றுதான் காது தேடியது. வெளியே வந்து பார்த்தால் அவள் முகம்... முடி கலைந்து, கன்னம் சிவந்து, கண்ணில் ஏதோ துள்ளிக்கொண்டு. இந்த முகத்தை நான் எப்போது பார்த்தேன்? பார்த்திருக்கிறேனா?

“விளக்கு வந்துச்சுங்க. சக்கரம் நாலும் சுத்தம், நீங்க சொன்னது சரிதான். வண்டி திரும்பறதைச் சொல்ற சென்சார்தான் விட்டு விட்டுப் போகுது, ரோடு கொஞ்சம் குலுக்கினா போதும்.” அந்த சென்சார் இருப்பது பக்கத்து இருக்கைக்குக் கீழே. அவள் யோசித்தாள், அவன் பயந்தது அந்த யோசனைக்குத்தான். “காலையில உங்களுக்கு ஏன் வரல... தனியாவா போனீங்க?” ம் என்றான். “ஏங்க, நான்தான் கூட வரக் கிளம்பி வந்தேனே.” அவன் ஸ்பானரைத் தேடுவதுபோலக் குனிந்தான். பல் டாக்டர் நெற்றியில் தட்டிக்கொண்டார், “ஆமாங்க, இப்பத்தான் தோணுது, அம்மாவை ஏத்திக்கிட்டுப் போறப்பதான் இது எரியும். பாவம், தான் வெயிட்டு போட்டதாலதான்னு அவங்க சொல்லுவாங்க, நான் சிரிப்பேன்.” அம்மாவை! அந்த இருக்கையில் அவன் காலையிலிருந்து யார் யாரையோ உட்கார வைத்துப் பார்த்துவிட்டான், ஒரு அம்மாவை மட்டும் உட்கார வைக்கவில்லை.

இருக்கையைக் கழற்றித் தூக்கினால், அங்கேதான் இருந்தது. கிளிப்பை விட்டு நழுவிய வயர், இருக்கையின் இரும்புக்கும் தரைக்கும் நடுவில், தோல் உரிந்து செம்பு தெரிய. ஆள் உட்கார்ந்தால் அழுந்தும், எழுந்தால் ஒன்றுமறியாததுபோல் இருக்கும். பக்கத்தில் ஆளே இல்லாமல் எத்தனை மைல் ஓட்டினாலும் கண்ணில் படாத கோளாறு... எப்போதும்போல அவளை அழைத்துப் போயிருந்தால் முதல் பள்ளத்திலேயே பிடித்திருக்கலாம், அவள் இந்த ஆளோடு போகவே வேண்டியிருந்திருக்காது. யார் அனுப்பியது? நான்தானே. வயரைச் சேர்த்து, உறை போட்டு, இரும்பு தொடாத பக்கமாக இழுத்துக் கட்டும்வரை அவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டிப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், பக்கத்தில் எடையோடு. அவன் சாவிக்குக் கையை நீட்டுவதற்குள் அது அவள் கையில் இருந்தது. “நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க. என்னைவிட நீங்கதான் நல்லா அழுத்துவீங்க.” பல் டாக்டரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். மடியில் ஸ்கேனர், அவன் இதுவரை உட்காராத பக்கம், முன் இடது நாப்பது, முன் வலது நாப்பது... தன் குரலே வேறு யாருடையதோ போல இருந்தது. வளைவில் அவள் வண்டியை அள்ளி எடுத்த விதம், எங்கே கற்றாள், எப்போது? திரும்பிப் பார்த்தான். அதே முகம். கலைந்த முடி, சிவந்த கன்னம், கண்ணில் அதே துள்ளல்... பல் டாக்டர் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறார், அப்படியென்றால் இது?

“நம்பரைப் படிங்க, என்னை என்ன பாக்கறீங்க.”

“நல்லா ஓட்டறே.”

“வர்றப்ப நான்தான் ஓட்டிட்டு வந்தேன். ஓட்டறியான்னு கேட்டான், சரின்னேன்.” சாலையிலிருந்து கண் எடுக்காமல் சொன்னாள், குறையாகக்கூட இல்லை. அவ்வளவுதானா, ஓட்டறியா, ஒரே ஒரு வார்த்தை... எத்தனை வண்டி, எத்தனை மைல், பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாளே, அந்த வார்த்தை என் வாயில் ஏன் வரவில்லை? அந்தாள்மேல் கோபப்பட இப்போதுதான் சரியான காரணம் கிடைத்திருக்கிறது, ஆனால் அந்தக் கோபத்தை அவர்மேல் எப்படிப் போடுவது... வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது, விளக்கு எரியவில்லை. இன்னொரு பள்ளம். எரியவில்லை. வேலை முடிந்துவிட்டது. பட்டறைத் தெரு வந்தது, அவள் வேகத்தைக் குறைத்தாள், தூரத்தில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து ஓர் உருவம் எழுந்து நின்றது.

“திரும்பாதே, நேராப் போ,” என்றான்.

அவள் ஒரு கணம் பார்த்தாள், பிறகு வண்டி உறுமிக்கொண்டு நேராகப் போனது. அவள் இன்னும் கொஞ்சம் ஓட்டட்டும் என்றா சொன்னான், இல்லை, அந்த மனிதர் இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்றா... முன் இடது அம்பது, முன் வலது அம்பது, என்று அவன் படிக்கத் தொடங்கினான், கடைசி எழுத்து எப்படி விழுகிறது என்று அவள் கேட்டுக்கொண்டுதான் வருகிறாளோ என்னவோ.