நான்காவது படத்தின் கீழே ஒட்டிய தாள்

1

இந்தக் கதை ஒரு ஃபிளெக்ஸ் போர்டிலிருந்து வந்தது. எங்கள் ஊர் வெள்ளிலமுக்கில் மீன் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், பிளஸ் டூ முடிவு வந்த அன்று மாலைக்குள் வருஷம் தவறாமல் அது ஏறிவிடும். ஆறு பாடத்திலும் ஏ ப்ளஸ் வாங்கிய பிள்ளைகளின் படங்கள் மேலே, கிளப்பின் பெயர் கீழே. இந்த வருஷம் நான்கு படங்கள். நான்காவது படத்துக்குக் கீழே மட்டும் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் பேனாவால் எழுதியிருந்தது: "5 ஏ ப்ளஸ், 1 பி ப்ளஸ்."

இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். தன் ஃபிளெக்ஸைத் தானே திருத்திய ஆளை நான் பார்த்ததில்லை. தேர்தல் காலத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்றே எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

"ஜஸ்லா அழவில்லை, ஏனென்றால்

அதற்கு மேல் ஓடவில்லை. நான்காவது படத்தில் இருந்த அந்த ஜஸ்லா அழுதாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது முயற்சி:

"தோற்பது ஒரு துக்கம், ஏறக்குறைய ஜெயிப்பது இன்னொரு

இது கதைக்கான வரி இல்லை, பட்டிமன்றத்துக்கானது. அடித்துவிட்டேன். [அடித்ததை உங்கள் கண்ணில் படும்படியே விட்டிருக்கிறேன். தாள் ஒட்டிய பிள்ளையைப் பற்றி எழுதிக்கொண்டு என் பிழையை மட்டும் மறைப்பது முறையில்லை.]

2

ஜஸ்லாவின் பக்கம் கதவு திறக்காததால் லதிகாவின் பக்கம் போனேன்.

லதிகா முக்கில் இ-சேவை மையம் நடத்துகிறாள். இரண்டு கணினி, ஓர் அச்சு இயந்திரம், முனை மடங்கிய நீள நோட்டு ஒன்று. கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் ஊர்ப்பிள்ளைகள் அத்தனை பேரின் விண்ணப்ப எண்ணும் கடவுச்சொல்லும் அந்த நோட்டில் இருக்கின்றன. வெளியூர் போகிறவர்கள் வீட்டுச் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதுபோல, கடவுச்சொல்லை லதிகாவிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். பதினோரு வருஷத்தில் அவள் ஒருவர் பக்கத்தை இன்னொருவருக்குக் காட்டியதில்லை.

ஃபிளெக்ஸில் நடந்த தவறு அவளுடையதுதான். முடிவு வந்த மதியம் மையத்தில் ஒரே நெரிசல். மர மில்லில் வேலை பார்க்கும் ஹம்ஸாக்கோயா, மகள் ஜஸ்லாவின் மதிப்பெண்ணைக் கிளப் செயலாளர் சுனீருக்கு அனுப்பச் சொன்னார். லதிகா திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினாள். பின்னாலிருந்து யாரோ முழங்கையால் இடித்ததில் படத்தில் ஐந்து வரிதான் விழுந்தது. ஐந்திலும் ஏ ப்ளஸ். ஆறாவது வரி, பொருளாதாரம், பி ப்ளஸ். அது படத்துக்கு வெளியே நின்றுவிட்டது.

சுனீர் எண்ணிப் பார்க்கவில்லை. அடுத்த முக்கின் கிளப் ஆறு மணிக்குள் போர்டு ஏற்றிவிடும் என்ற கவலை அவனுக்கு.

மறுநாள் ஜஸ்லா அவனிடம் போய் முறையிட்டாள். சுனீர் தலையைச் சொறிந்தான்.

"விடு மோளே. போர்டுல போட்டா போட்டதுதான். யாரு வந்து எண்ணப் போறாங்க?"

"நான் எண்ணுவேன் இக்கா. தெனமும் அந்த வழியாத்தான் பஸ்ஸுக்குப் போறேன்."

அன்று மாலை தாள் ஏறியது. பஸ் நிறுத்தத்துப் பையன்களுக்கு அது கொண்டாட்டமானது. "பி ப்ளஸ் வருது, வழி விடுங்கடா" என்றார்கள். வீட்டில் உம்மா சௌதா சொன்னது வேறு மாதிரி. "வாங்காத மார்க்கைத் திருப்பிக் குடுத்தவ இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்டீ."

ஜூன் மழையில் தாள் இரண்டு முறை கரைந்தது. இரண்டு முறையும் ஜஸ்லா புதிதாக எழுதி ஒட்டினாள். மூன்றாம் முறை அவள் தாளுடன் போனபோது பழைய தாளே அங்கே காய்ந்து இருந்தது. யாரோ அதன்மேல் அகல டேப்பை நான்கு பக்கமும் சுற்றி ஒட்டியிருந்தார்கள். [இந்த டேப்பை மறந்துவிடாதீர்கள். நானும் மறக்கமாட்டேன்.]

3

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம் என்றுகூடத் தோன்றியது. எல்லாம் வாங்கியவர்களுக்கு எங்கே போவதென்று தெரியும். எதுவும் வாங்காதவர்களுக்கும் ஒருவிதத்தில் தெரிந்துவிடும். நடுவில் இருப்பவர்கள்தான் பட்டியல் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இவர்களை யாரும் திட்டுவதும் இல்லை, வாழ்த்துவதும் இல்லை. "நல்ல மார்க்குதானே, கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாயா குடிக்கப் போய்விடுகிறார்கள்.

ஜஸ்லா கேட்டது உளவியல்.* எட்டுக் கிலோமீட்டரில் இருக்கும் அரசுக் கல்லூரி. அங்கே இருபத்து நான்கு இடம். முதல் ஒதுக்கீட்டுப் பட்டியலில் அவள் பெயர் எங்குமே இல்லை. இரண்டாவதில், விண்ணப்பத்தில் அவள் எழுதியிருந்த பதினோராவது விருப்பம் வந்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு சுயநிதிக் கல்லூரியில் வணிகவியல். கட்டணத்தைக் கேட்ட ஹம்ஸாக்கோயா அந்தத் தொகையை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, சேர்ந்துக்கலாம் மோளே, பார்த்துக்கலாம் என்றார்.

கடைசிப் பட்டியல் ஒன்று பாக்கி இருந்தது. ஜஸ்லா லதிகாவிடம் வந்தாள்.

"அரசுக் கல்லூரியில எனக்கு முன்னாடி எத்தனை பேர் சேச்சி?"

லதிகா திரையைப் பார்த்தாள். "யாரும் இல்ல. காத்திருப்புல நீதான் முதல் ஆளு."

"அப்ப சீட்டு?"

"சீட்டும் இல்ல."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

* ஏன் உளவியல் என்று நான் அவளைக் கேட்டிருக்கிறேன். "எல்லாரும் கேக்குறாங்க. பதில் சொல்லி முடிக்கிறவரைக்கும் யாரும் நிக்கிறதில்ல. நிக்கிற ஆளா ஆகணும்னுதான்" என்றாள். அந்த நேரம் என் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

4

லதிகாவுக்குத் தெரிந்தும் ஜஸ்லாவிடம் அவள் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. அந்த இருபத்து நான்கில் ஓர் இடம் ஆர்ச்சாவுடையது. ரேஷன் கடை விஜயனின் மகள், ஃபிளெக்ஸில் முதல் படம். ஆறுக்கு ஆறு. அவளுக்கு டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை அப்பாவும் மகளும் ரயில் ஏறினார்கள். இங்கே பிடித்துவைத்த இடத்தை மட்டும் விடவில்லை.

வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் விலகினால் அந்த இடம் கடைசிப் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போகும். அடுத்த ஆள் ஜஸ்லா. ஐந்து தாண்டினால் அது யாருக்கும் இல்லை. மூன்று வருஷமும் வகுப்பில் ஒரு நாற்காலி சும்மா கிடக்கும்.

முதல் வரைவில் ஆர்ச்சாவைத் திமிர் பிடித்தவளாக எழுதியிருந்தேன். குளிர்கண்ணாடி கூடப் போட்டுவிட்டேன். கதைக்கு அது ரொம்ப வசதி. வேண்டாததைப் பிடித்துவைத்திருக்கிறவள் கெட்டவள், வேண்டியது கிடைக்காதவள் நல்லவள். ஆனால் எழுதியதைப் படித்தபோது, ஒரு பதினேழு வயதுப் பிள்ளையைப் பற்றிப் புறம் பேசியதுபோல் இருந்தது. அவள் செய்தது எல்லோரும் செய்வதுதான். அங்கே கிடைக்கும்வரை கையில் ஒன்று இருக்கட்டும் என்று பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். கிடைத்ததும், புறப்படுகிற அவசரத்தில் இங்கே ஒன்று இருப்பது மறந்துபோயிருக்கும். கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

5

வெள்ளி மாலை நாலே முக்கால்.

காலையிலிருந்து லதிகா ஆர்ச்சாவின் எண்ணை நான்கு முறை அழைத்தாகிவிட்டது, விஜயனின் எண்ணை மூன்று முறை. தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது. ரயில் கொங்கண் சுரங்கங்களுக்குள் போய்க்கொண்டிருக்க வேண்டும். மதியம் சௌதா வந்து, யாராவது விட்டுக் கொடுப்பார்களா என்று கேட்டபோதும் அவள் யார் பெயரையும் சொல்லவில்லை. பார்க்கலாம் இத்தா என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

இப்போது நோட்டைத் திறந்து ஆர்ச்சாவின் பக்கத்தை எடுத்தாள். எண்ணைத் தட்டினாள், கடவுச்சொல்லைத் தட்டினாள். திரையில் சிவப்பாக ஒரு பொத்தான் வந்தது: விலகுகிறேன். அதை அமுக்க யாருடைய சம்மதமும் கணினிக்குத் தேவையில்லை. ஆர்ச்சாவுக்கு நஷ்டமில்லை. ஜஸ்லாவுக்கு மூன்று வருஷம், ஏன், அதற்கு மேலும். ஃபிளெக்ஸில் தான் விட்ட ஆறாவது வரிக்குப் பரிகாரமாகவும் ஆகும் என்று லதிகாவுக்குத் தோன்றியது. [அப்படித் தோன்றியதுதான் அவளைப் பயமுறுத்தியது என்று எழுதலாமா? எழுதிவிட்டேன்.]

ஜஸ்லா எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வணிகவியலுக்கான தாள்களை அச்செடுக்க வந்தவள். திரை அவளுக்குத் தெரியாது.

"மோளே, ஒண்ணு கேக்கட்டுமா. ஒரு வீட்டுக்காரங்க சாவியை நம்பி உன்கிட்ட குடுத்துட்டு ஊருக்குப் போயிட்டாங்க. வீடு சும்மா கெடக்குது. மழையில ஒதுங்க எடம் வேணும். தொறப்பியா?"

"நல்ல மழையா சேச்சி?"

"அடைமழை."

ஜஸ்லா கொஞ்சம் யோசித்தாள். "போன் பண்ணிக் கேப்பேன்."

"எடுக்கலைன்னா?"

"நனைவேன்." பிறகு, அது கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது என்று நினைத்தவள்போல, "ரொம்ப நேரம் நனைய மாட்டேன் சேச்சி. பக்கத்துல ஏதாச்சும் கடையோரமா நின்னுப்பேன்" என்றாள். வணிகவியல் தாள்களைச் சீராக அடுக்கிக் கோப்பில் வைத்தாள்.

லதிகா சுட்டியிலிருந்து கையை எடுத்தாள். கைப்பேசியை எடுத்து ஐந்தாம் முறையாக ஆர்ச்சாவை அழைத்தாள்.

இந்த முறை மணி அடித்தது. சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பத்திரண்டு.

6

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் ஆர்ச்சா எடுக்கிறாள். "ஐயோ சேச்சி, மறந்தே போச்சு. இப்பவே வெலகிட்டேன்னு போடுங்க" என்கிறாள். எனக்குப் பிடித்த முடிவு இது. ஆனால் உங்கள் கதையில் எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கிறார்களே, அப்படி ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்று ஒரு வாசகர் முன்பே எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு இன்னும் பதில் போடவில்லை.

இரண்டாவதில் மணி அடித்து ஓய்கிறது. அடுத்த சுரங்கம். ஐந்து மணி ஆகிறது. நாற்காலி காலியாகவே இருக்கிறது. இதுதான் நிஜம் என்பார்கள். இருக்கலாம். இதை எழுதி முடித்த அன்று மாலைப் பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. கிழித்துவிட்டேன்.

மூன்றாவதில் லதிகா அமுக்கிவிடுகிறாள். ஜஸ்லாவுக்கு இடம் கிடைக்கிறது, எப்படி என்று தெரியாமலே. ஆனால் வராத மதிப்பெண்ணை ஏற்காதவள், இதை அறிந்தால்

இதை முடிக்கவில்லை.

7

டேப்புக்கு வருகிறேன்.

இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தவை இரண்டுதான். ஒன்று அந்தத் தாள். மற்றொன்று, ஒரு நாள் விடியலில் பால் வாங்கப் போனபோது கண்டது. தூறல். மீன் கடை இன்னும் திறக்கவில்லை. ஃபிளெக்ஸின் கீழே ஸ்கூட்டரை நிறுத்தி, அதன் இருக்கைமேல் ஒரு பெண் ஏறி நின்றுகொண்டிருந்தாள். தாளின் ஓரங்களைத் தன் துப்பட்டாவால் ஒற்றித் துடைத்தாள். டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, நான்கு பக்கமும் ஒட்டினாள். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு இறங்கி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். ஃபிளெக்ஸில் முதல் படம் அவளுடையது.

அதனால் அந்தப் பெண்ணின்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. என் நம்பிக்கையை அவள் வாயில் திணித்துப் பேசவைக்க மட்டும் மனம் வரவில்லை. லதிகா சாவியை வைத்துக்கொண்டே திறக்காமல் நிற்கும்போது, எழுதுகிற நான் திறப்பது நன்றாக இருக்காது.

எனவே மணி அடித்துக்கொண்டிருக்கட்டும். எட்டு நிமிஷம் இருக்கிறது. கடைசி வரி உங்களுடையது. ஆனால் எழுதும் முன் ஒரு வேலை. உட்காரப் போகாத ஏதோ ஓர் இடத்தில் துண்டைப் போட்டுவிட்டு நீங்களும் மறந்திருக்கலாம். யாரோ அதன் அருகே நின்றுகொண்டே பயணம் செய்துகொண்டிருக்கலாம். அதை எடுத்துவிட்டு வாருங்கள். வந்த பிறகு எழுதுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

ஆர்ச்சா போனை எடுத்து,