பாதி மாத்திரையும் ஒரு சொட்டு எண்ணெயும்

தங்கைக்கு மூக்கி என்று பெயர் வைத்தது அக்காதான். சின்ன வயதிலேயே அவளுக்கு அப்படியொரு மூக்கு. மாடியில் இஸ்திரிப் பெட்டி துணியைத் தீய்க்கப் போகிறது என்பதைத் தெருமுனையில் நின்றபடியே சொல்லிவிடுவாள். பால் திரியப் போவது பாலுக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். பெற்றோர் இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபது. அதன்பிறகு ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டுதான் அக்கா குடும்பத்தை நடத்தினாள். இப்போது தங்கைக்கு முப்பத்தெட்டு. மருந்து ஆய்வகத்தில் வேலை. அங்கே எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள், வீட்டில் மட்டும் இன்னும் மூக்கிதான்.

அக்காவின் விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. முதலில் முழு மாத்திரை சாப்பிட்டாள். விரல் மடங்கியது, வயிறு எரிந்தது. எரிச்சலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள். கடைசியில் வயிற்றுக்குள் ரத்தமே கசிந்து, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. "இனிமே பாதிதான்மா. அதுக்கு மேல ஒரு துணுக்கு கூடாது" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பாதி மாத்திரைக்கு வயிறு சமாதானமாகிவிட்டது. விரல்தான் ஆகவில்லை. காலையில் பத்து மணி வரைக்கும் ஊசியைப் பிடிக்க முடியாது, அதற்குப் பிறகும் நேர்த்தையல் மட்டும்தான். பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது, பொத்தான் வைப்பது, கைத்தையல் எல்லாவற்றுக்கும் முழுக்குப் போட்டாயிற்று.

இதைப் பற்றி அக்கா வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாததுதான் மூக்கிக்குத் தாங்கவில்லை. ஆய்வகத்துக்குப் போட்டுப் போகும் அவளுடைய வெள்ளைக் கோட்டின் இரண்டாவது பொத்தான் விழுந்து நான்கு மாதமாகிறது, அந்த இடத்தில் ஓர் ஊக்கைக் குத்திக்கொண்டு திரிகிறாள். ஒரு பொத்தானைத் தானே தைத்துக்கொள்ளத் தெரியாதா என்றால், தையல்காரியின் தங்கைக்கு அதுகூடத் தெரியாமலா இருக்கும். ஆனால் அந்த வீட்டில் பொத்தானை வேறு யாரோ தைப்பது என்றால், அக்காவால் இனி முடியாது என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஊக்கே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆய்வகத்தில் அவள் பார்த்த வேலை அக்காவுக்கென்றே செய்தது போல அமைந்திருந்தது. வழக்கமான வீக்க மருந்தைப் பாதி அளவு கொடுத்து, கூடவே ஒரு துளி கிராம்பெண்ணெய் சேர்த்தால், முழு அளவு மருந்தின் வேலை நடக்குமா என்பதுதான் கேள்வி. உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் வரிசை வரிசையாகத் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் உயிருள்ள செல்களை வளர்த்து, அழற்சி வரும்படி அவற்றைச் சீண்டிவிட்டு, பிறகு மருந்தை ஊற்ற வேண்டும். மறுநாள் சோதனைத் திரவம் சேர்த்தால், அழற்சி அதிகம் இருக்கும் குழி அடர்ந்த ரோஜா நிறமாகும். அழற்சி அடங்கியிருந்தால் வெளிறிப் போகும்.

தட்டில் எதை எங்கே ஊற்றுவது என்று தீர்மானித்தது மூக்கிதான். பாதி மருந்து ஒரு வரிசை, அதை ஒட்டினாற்போலவே பாதி மருந்தும் எண்ணெயும் சேர்ந்த வரிசை. இரண்டு துணியின் நிறத்தை ஒப்பிட வேண்டுமானால் அக்கா அவற்றை விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்துத்தான் பார்ப்பாள். அதைப் பார்த்து வளர்ந்த கை வேறு எப்படி அடுக்கும்?

ஆறு தட்டுகள் முடிந்தன. ஆறிலும் ஒரே கதை. எண்ணெய் சேர்த்த வரிசை வெளிறியிருந்தது. எண்ணெய் சேர்க்காத பக்கத்து வரிசையும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வெளிறியிருந்தது. அப்படியானால் எண்ணெய் எதற்கு? பாதி மருந்தே வேலையைப் பார்த்துவிடுகிறதே. தட்டு அப்படிச் சொன்னாலும் அக்காவின் விரல் அப்படிச் சொல்லவில்லையே என்று மூக்கிக்கு உறுத்தியது. ஆனால் அக்காவின் விரலை அறிக்கையில் சேர்க்க முடியாது.

தலைமை விஞ்ஞானி நல்ல மனுஷிதான். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது, அவ்வளவுதான்.

"வெள்ளிக்கிழமை குழு கூடுது. எண்ணெயால கூடுதல் பலன் எதுவும் இல்லைன்னுதான் எழுதணும். உங்களுக்குக் கஷ்டமா இருக்கும், தெரியும். ஆனா எண் பொய் சொல்லாதுல்ல."

"அப்ப ஆஸ்பத்திரியில பேர் கொடுத்தவங்க, மேடம்?"

"அந்தப் பட்டியலை மூட வேண்டியதுதான்."

அந்தப் பட்டியலில் பதினேழாவது பெயர் அக்காவுடையது. செல் சோதனை தேறினால் அடுத்து ஆஸ்பத்திரியில் மனிதர்களுக்கு: பாதி மாத்திரையோடு, எண்ணெய் கலந்த களிம்பை விரலில் தடவிப் பார்ப்பது. அக்காவின் டாக்டரே அவளுடைய பெயரைச் சேர்த்திருந்தார். அன்றிலிருந்து அக்கா தினமும் ஒரு தடவையாவது, "என்னடி ஆச்சு உன் எண்ணெய்? இன்னும் காய்ஞ்சு முடியலையா?" என்று கிண்டலாகக் கேட்பாள். கிண்டல்தான், ஆனால் பதில் வரும்வரை கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூக்கி வீட்டுக்கு வரும்போது, எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, இடது கை விரல்களை வலது கையால் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள் அக்கா. தங்கையைப் பார்த்ததும் சட்டென்று கையை மடியில் மறைத்துக்கொண்டாள்.

"பையைக் குடு இப்படி. சாப்பாட்டு டப்பாவைக் கழுவணும். நாளெல்லாம் ஊறப் போட்டுக் கொண்டாந்து நிப்ப."

பையை வாங்கி, மேலே சுருட்டித் திணித்திருந்த கோட்டை வெளியே இழுத்தாள். ஊக்கைப் பார்த்தாள். கோட்டை மடித்து நாற்காலியில் போட்டுவிட்டு டப்பாவைத் திறந்தாள். உள்ளே பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

"சாப்பிடக்கூட இல்லையா நீ?"

"பசிக்கலக்கா."

"பசிக்காம என்ன, இதை யாருதான் திம்பா? ஒரே கிராம்பு நாத்தம். பல் டாக்டர் வீட்டுச் சோறு மாதிரி இருக்கு."

மூக்கி டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உனக்குத் தெரியலையா?" அக்கா உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். "உனக்கா? நீ வாசப்படி ஏறும்போதே எனக்கு வருதுடி. உன் தலைமுடி, தலையணை, துண்டு எல்லாத்துலயும் இருக்கு. நீ ஊருக்கே தெரிஞ்ச மூக்காச்சே, தெரியாமலா இருக்கும், வேலைக்காகப் பொறுத்துக்கிறேன்னு நெனச்சேன்."

மூக்கி கோட்டை எடுத்து முகத்தில் புதைத்துக்கொண்டு இழுத்து மூச்சுவிட்டாள். துணியின் வெதுவெதுப்பைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை. இரண்டு வருடமாக நாள் முழுக்க அந்த எண்ணெயோடு இருந்ததில், அவளுடைய பேர்போன மூக்கு அந்த ஒரு வாசனைக்கு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது. அவளுக்கு மட்டுமல்ல, ஆய்வகத்தில் ஒருவர்கூட அங்கே வாசனை அடிக்கிறது என்று சொன்னதில்லை. அத்தனை பேரும் அதிலேயே ஊறிப் போனவர்கள்.

அக்கா பாட்டுக்குப் புலம்பிக்கொண்டிருந்தாள். "மூடி இறுக்கமாத்தான் இருக்கு. இருந்தும் எப்படித்தான் உள்ள போச்சோ. பக்கத்துல கோட்டை வச்சா அது சும்மா இருக்குமா?"

மூக்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மூடி போட்ட டப்பாவுக்குள் போகிற ஆவி, லேசான மூடி போட்ட தட்டில் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குப் போகாதா? பாதி மருந்து மட்டும் என்று நினைத்த வரிசைக்கு, பக்கத்து வரிசையின் எண்ணெய் காற்று வழியாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. எண்கள் தாமாகப் பொய் சொல்லவில்லை. அவள்தான் இரண்டு வரிசைகளையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்து, பொய் சொல்ல வைத்திருக்கிறாள். எண்ணெய் வேலை செய்யாதது போலத் தெரிந்ததே, அது பக்கத்து வரிசையிலும் வேலை செய்ததால்தான்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்ட?"

"அக்கா, நாளைக்கு நான் சீக்கிரம் போகணும்."

"போ. யாரு வேணாங்கிறா? முதல்ல கொஞ்சம் சாப்பிடு."

பட்டியலைப் பற்றி அன்று அவள் எதுவும் சொல்லவில்லை. இல்லாத நம்பிக்கையைக் கொடுத்துப் பிறகு பிடுங்குவது கொடுமை என்று நினைத்தாள். பயமாகவும் இருந்தது, ஏனென்றால் நினைத்தது தப்பாகவும் இருக்கலாம்.

புதன்கிழமை விடியற்காலையிலேயே போய், தலைமை விஞ்ஞானி வரும்வரை வாசலில் நின்று, கழுவாமல் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவை நீட்டினாள்.

"என்ன இது?"

"திறந்து மோந்து பாருங்க, மேடம்."

"ஒண்ணும் தெரியலையே."

"அதான் பிரச்சினை. நமக்கு யாருக்குமே தெரியாது."

மேல்மாடிக் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டு முகரச் சொன்னார்கள். அவள் டப்பாவை மூக்கருகே கொண்டு போனதுமே முகத்தைச் சுளித்து, "இந்தத் தளம் பூராவுமே இப்படித்தானே இருக்கு. நாங்க இந்தப் பக்கம் வராததே அதனாலதான்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். தலைமை விஞ்ஞானி டப்பாவை மூடினார். பிறகு கைப்பையை மேசையில் வைத்துவிட்டு, "புதுத் தட்டு எடுங்க. ஒண்ணு இல்ல, ஏழெட்டு" என்றார்.

இந்தத் தடவை எண்ணெய் சேர்த்த பாதி மருந்துக்குத் தனித் தட்டு, வெறும் பாதி மருந்துக்குத் தனித் தட்டு. ஒவ்வொன்றின் மேலும் காற்றுப் புகாத ஒட்டுத்தாள். எண்ணெய்த் தட்டுகள் ஓர் அறையில், மற்றவை வேறு அறையில். வியாழக்கிழமை மத்தியானம் மூக்கியே ஒவ்வொரு குழியிலும் சோதனைத் திரவம் சேர்த்தாள். பாதி மருந்துத் தட்டு, சொல்லிவைத்த மாதிரி, அடர்ந்த ரோஜா நிறத்துக்கு ஏறியது. எண்ணெய் சேர்ந்த தட்டு வெளிறியே நின்றது. எட்டுத் தட்டில் ஒன்று மட்டும் குளறுபடி செய்தது. மற்ற ஏழும் ஒரே பேச்சாகப் பேசின.

"இது செல்லுதான். மனுஷங்க விரல் இல்ல" என்றார் தலைமை விஞ்ஞானி, தன்னையே அடக்கிக்கொள்வது போல. "ஆனா பட்டியலை மூட வேண்டாம்."

மூக்கி கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள் என்று சொல்லிவிடலாம். அதைவிட, அக்கா விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காட்சிதான் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது.

ஏழு மாதம் கழித்து, அனுமதியெல்லாம் கிடைத்து, அக்காவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். பாதி மாத்திரை வழக்கம்போல. கூட ஒரு களிம்பு டியூப், பெயரில்லாமல், எண் மட்டும் போட்டது. சிலருக்கு நிஜ எண்ணெய், சிலருக்கு வெறும் களிம்பில் அதே மாதிரி ஏதோ வாசனை. யாருக்கு எது என்று கொடுக்கிற நர்சுக்கே தெரியாது. குலுக்கலில் விழுந்தது விழுந்ததுதான்.

ஆறாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா டியூபைக் கொண்டுவந்து தங்கையின் முன்னால் நீட்டினாள். மணி எட்டரைகூட ஆகவில்லை.

"மூக்கி, ஒரு தடவை மோந்து பாத்துச் சொல்லு. நிஜமா, டூப்பா?"

"அக்கா, அதெல்லாம் சொல்லக் கூடாது."

"யாருகிட்ட சொல்லப் போறேன்? எனக்கு மட்டும்தான்."

அக்கா இதுவரை அவளிடம் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. மூக்கி டியூபை வாங்கவில்லை. களிம்பு தடவியிருந்த அக்காவின் கையைத்தான் பிடித்து முகத்தருகே கொண்டுபோனாள். பழைய மூக்காக இருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருக்கும். இப்போது துணி, சோப்பு, மெஷின் எண்ணெய், அக்கா. அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

"தெரியலக்கா. சத்தியமாத் தெரியல."

அக்கா அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பொய் இல்லை என்று தெரிந்ததும் சிரித்துவிட்டாள். "நல்லாதான் போச்சு போ. ஊர் வாசமெல்லாம் பிடிச்ச மூக்கு, வேணுங்கிற நேரத்துல காலை வாருது." பிறகு டியூபை மூடி வைத்துவிட்டு, "சரி, உன் கோட்டைக் கொண்டா" என்றாள்.

"எதுக்கு?"

"கொண்டான்னா கொண்டாயேன்."

மூக்கி கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா ஊக்கைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஊசியில் நூல் கோக்க மூன்று தடவை முயன்றாள். மூக்கிக்குக் கை துறுதுறுத்தது, ஆனால் நீட்டவில்லை. நான்காவது தடவை நூல் போய்விட்டது. ஒரு வெள்ளைப் பொத்தானை எடுத்து வைத்து மெதுவாகத் தைக்க ஆரம்பித்தாள். நடுவில் இரண்டு தடவை நிறுத்தி விரலை உதறிக்கொண்டாள். ஒரு காலத்தில் வாடிக்கையாளர் நின்றபடியே வாங்கிக்கொண்டு போகிற வேலை, இன்றைக்கு அரை மணி நேரம் பிடித்தது.

"டூப்பா இருந்தா என்ன செய்வ?" என்று அக்கா தலை நிமிராமல் கேட்டாள்.

"நிஜத்தை வாங்கித் தரச் சொல்லிச் சண்டை போடுவேன்."

"நிஜமா இருந்தா?"

மூக்கி மேசையிலிருந்த ஊக்கை எடுத்துத் திறந்து மூடினாள். அக்கா நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுத்து, பொத்தானை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். இறுக்கமாக நின்றது.

"போட்டுக் காட்டு" என்றாள்.

மூக்கி கோட்டைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். அக்காவே எட்டி, தன் விரலாலேயே அந்தப் பொத்தானை மாட்டிவிட்டாள்.