பங்கு மாத்திரை

யோசுவாவுக்கு நான் கொடுக்க வேண்டியது நானூற்றுப் பதினேழு மாத்திரைகள். பணமாக இருந்திருந்தால் எப்போதோ தீர்த்திருப்பேன். மாதம் முப்பது வீதம் பதினான்கு மாதம். அதில் காய்ச்சல் கண்ட மூன்று நாள் எனக்கு வாயில் எதுவும் நிற்கவில்லை, அந்த மூன்றும் அவனிடமே திரும்பிப் போயின. மீதிதான் இது. அப்போது எனக்கு எழுத்து தெரியாது. வலியசாலையில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்த அறையில், காலண்டருக்குக் கீழே தினம் ஒரு கரிக்கோடு இழுத்து வைத்தேன். கடன் என்று நினைத்து இழுக்கவில்லை. இன்றைக்கு விழுங்கியாயிற்றா இல்லையா என்று மறந்துவிடக் கூடாதே என்றுதான்.

சாலைக் கடைவீதியில் லாரி இறக்கும் பன்னிரண்டு பேர் நாங்கள் ஒரு கூட்டம். வெங்காயம், அரிசி, சர்க்கரை, எது வந்தாலும் இறக்குவோம். யார் எத்தனை மூட்டை சுமந்தார்கள் என்று எங்களுக்குள் கேட்பதில்லை. மதியம் எங்கள் தலைவன் அருமைநாயகம் கூலியைப் பன்னிரண்டாகப் பிரிப்பான். இடுப்பு பிடித்து ஓரமாக உட்கார்ந்திருப்பவனுக்கும் அதே பங்குதான். நானும் யோசுவாவும் அதில் ஒரு ஜோடி. லாரி மேலிருந்து அவன் மூட்டையைத் தள்ளுவான், கீழே நான் தலை கொடுப்பேன். என் பெண்டாட்டி போய் ஒன்பது வருடம் ஆகிறது. மகன் மங்களூரில் இருக்கிறான், மாதம் ஒரு போன் வரும். யோசுவாவின் மனைவியும் இல்லை. ஆகவே அறையும் ஒன்று, அடுப்பும் ஒன்று.

கடைக்காரர்கள் நடத்திய இலவச முகாமில்தான் எங்கள் நோய் வெளியே வந்தது. ஒரு பெண் வயிற்றைச் சுற்றி டேப் வைத்து அளந்தாள். எனக்கு நூற்று இரண்டு சென்டிமீட்டர், அவனுக்கு நூற்று மூன்று. சர்க்கரையும் அழுத்தமும் கொழுப்பும் வயிறும் கூட்டாகத்தான் வரும் என்றார் டாக்டர். வாழ்க்கைமுறையால் வருவது என்பதை மலையாளத்தில் 'ஜீவிதசைலி ரோகம்' என்றார். பசி மறக்க நாளுக்கு ஆறு கிளாஸ் சர்க்கரை டீயும், பத்து மணிக்கு பரோட்டாவும், ரெண்டு மணிக்கு மலை போல் சோறும் தின்பவர்கள் நாங்கள். தினம் அரை மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும் என்று அவர் சொன்னபோது எங்கள் தலையில் சும்மாடு இருந்தது.

"ஜீவிதமே இன்னும் செரியா கிட்டல்ல," என்றான் யோசுவா, வெளியே வந்ததும். "அதுக்குள்ள சைலி எங்ஙனலே வந்துது?"

வியாழக்கிழமை தோறும் அரசு கிளினிக்கில் புத்தகம் போட்டு இலவசமாக மாத்திரை தருவார்கள். ஆனால் வியாழன்தான் வெங்காய லாரி நாள். ஒரு தலை மாதம் ஒரு முறை குறைந்தால் கூட்டம் பொறுக்கும், இரண்டு முறை குறைந்தால் முகம் சுளிக்கும். "ரெண்டு பேருக்கும் ஒரே ரோகம். ஒரு புக்கு மதி," என்றான் அவன், ஒன்று போதும் என்று. அவன் போனான், அவன் மூட்டைகளையும் நான் இறக்கினேன். அறுபது மாத்திரை கொண்டு வந்தான். ஒரு ஆளுக்குத் தினம் இரண்டு. ஊறுகாய் பாட்டிலில் கொட்டி, காலையில் கஞ்சிக்குப் பிறகு ஒன்றை அவன் எடுப்பான், ஒன்றை மேசையில் என் பக்கம் தள்ளுவான். கூலியைப் பிரிப்பது மாதிரிதான் பிரித்தோம். அதில் தவறு இருக்கும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

ஒன்பதாவது மாதம் அவன் கிளினிக்கிலிருந்து சிரித்துக்கொண்டு வந்தான். சர்க்கரை இறங்கவே இல்லையாம். லிபி என்ற நர்ஸ் அவனைப் பிடித்து நிறுத்தி, "குளிக கழிக்குந்நுண்டோ அண்ணா? கள்ளம் பறயல்லே," என்றாளாம். மாத்திரை சாப்பிடுகிறாயா, பொய் சொல்லாதே என்று. "ஓரோ நாளும் திங்கேன்னு சொன்னேன். கள்ளம் இல்லியே," என்றான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் பாட்டிலை அதன் இடத்தில் வைத்தான். இருவருக்கும் அந்த நேரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. போதும், இனி நீயே சாப்பிடு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஒற்றை மாத்திரையில் எனக்குத் தாகம் அடங்கியிருந்தது, இரவில் ஐந்து முறை எழுந்தவன் இரண்டு முறைதான் எழுந்தேன். மறுநாள் காலை அவன் மாத்திரையைத் தள்ளினான். நான் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் ஐந்து மாதம்.

அவன் காலில் ஆணி ஏறியது அவனுக்குத் தெரியவில்லை. நாற்றம் வைத்து நான்தான் கண்டுபிடித்தேன். முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே முழுவதும். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மகள் ரெஷ்மா புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நின்றாள். "பதினாலு மாசம் ஒண்ணு விடாம வாங்கியிருக்காரு. பின்ன எங்ஙன மாமா?" என்றாள். நான் தரையைப் பார்த்தேன். அவனைப் பாறசாலையில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். ஒரு மாதம் வரை அருமைநாயகம் கூலியைப் பன்னிரண்டாகவே பிரித்து அவன் பங்கை அனுப்பினான். பிறகு பதினொன்று ஆனது.

பஸ் பலகை, மாத்திரை அட்டை எல்லாம் எனக்கு வாசித்துச் சொன்னவன் யோசுவாதான். அவன் போன பிறகு, ஐம்பத்தாறு வயதில், சுமைக்காரர் சங்கத்து வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எழுத்து கூட்டப் பழகினேன். கிளினிக்கில் எனக்கென்று ஒரு புத்தகம் போட்டேன். லிபி டேப்பை என் வயிற்றைச் சுற்றிப் பிடிப்பாள். மாதத்தில் வேறு யாரும் என்னைத் தொடுவதில்லை என்பது மூன்றாவது வியாழனில்தான் எனக்கு உறைத்தது. அறுபது மாத்திரை தந்தாள். தினம் ஒன்று நான் சாப்பிட்டேன், ஒன்றை எடுத்து வைத்தேன். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று என்னிடமும் கேட்டாள். நானும் பொய் சொல்லவில்லை.

பதினான்கு மாதம் கழிந்ததும் அட்டைகளை எண்ணித் துணிப்பையில் போட்டுக்கொண்டு தம்பானூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் ரயில் ஏறினேன். ரெஷ்மாவின் வீட்டு முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் யோசுவா இருந்தான். மெலிந்திருந்தான். வயிறு எங்கோ போயிருந்தது. பையை அவன் மடியில் வைத்தேன்.

"இதென்னலே, பெருநாள் பலகாரமா?"

"நானூத்திப் பதினேழு உண்டு. ஒனக்க பங்கு."

அவன் ஒரு அட்டையை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தான். உள்ளேயிருந்து வந்த ரெஷ்மா நிலைப்படியில் நின்றுவிட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டிலை, கோடுகளை, ஒன்பதாவது மாதத்தை. அதைச் சொல்லத்தான் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. சொல்லி முடித்ததும் அவள் சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"எல்லாத்துலயும் பங்கு எடுத்தியளே மாமா. கால்லயும் எடுப்பியளா?"

"உள்ள போ மோளே," என்றான் யோசுவா. அவள் போகவில்லை. அவன் அட்டையைப் பையில் திரும்ப வைத்தான். "இது எனக்கு ஆகாதுடே. கிட்னி செரியில்லன்னு டாக்டர் இத நிறுத்தியாச்சு. இப்பம் ஊசிதான், நேரத்துக்கு நேரம்." பிறகு பையை மறுபடி பார்த்தான். "எங்கலே கிட்டிச்சு இவ்வளவு?"

"எனக்க புக்குல."

"அப்பம் நீ எத்தன தின்ன?"

"ஒண்ணு."

அவன் குனிந்து என் காலைப் பார்த்தான். "செருப்பக் கழட்டு," என்றான்.

திண்டில் உட்கார வைத்து என் வலது காலைத் தன் தொடை மேல் இழுத்துக்கொண்டான். முப்பது வருடம் மூட்டை தள்ளிய கை. கண்ணை மூடச் சொன்னான். "ஆஸ்பத்திரியில எனக்கு இங்ஙனதான் பாத்தாவ. எந்த வெரலுன்னு சொல்லு."

"பெருவெரல்."

"இப்பம்?"

"சுண்டு."

ரெஷ்மாவின் பக்கத்திலிருந்து சிறிய சத்தம் ஒன்று கேட்டது. கண்ணைத் திறந்தேன். அவன் இரண்டு கைகளும் நாற்காலியின் பிடி மேல் இருந்தன.

"நான் இன்னும் தொடல்ல, தாணு."

பிறகு ரெஷ்மா உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்தாள். என் கையில் தரவில்லை, பக்கத்தில் வைத்தாள். யோசுவா அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை அழுத்தி எடுத்தான், இன்னொன்றையும் எடுத்தான். இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். அவன் எதிரிலேயே விழுங்கினேன்.

"கணக்கு மதி," என்றான். "எனக்குத் தர ஒண்ணும் இல்ல. வியாழக்கிழம இந்தப் பைய அந்த நர்சிட்ட கொண்டு குடு. உள்ளதச் சொல்லு. லாரி நிக்கட்டு."

பஸ் நிறுத்தம் வரை தரையைப் பார்த்தே நடந்தேன். சரளைக் கற்கள் செருப்புக்குள் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. காலுக்கு எதுவும் தெரியவில்லை.

மறுநாள் காலை கஞ்சி குடித்துவிட்டு பாட்டிலைத் திறந்தேன். ஒன்றை வாயில் போட்டேன். இன்னொன்றை மேசையின் மறுபக்கம் தள்ளியிருந்தேன், கை தானாகச் செய்தது. சுவரில் கரிக்கோடுகள் பாதி உதிர்ந்திருந்தன. கவிழ்த்து வைத்திருந்த அவனுடைய டம்ளருக்குப் பக்கத்தில் அந்த வெள்ளை மாத்திரை கிடந்தது. எழுந்து சுற்றிப் போய், அவன் ஸ்டூலில் உட்கார்ந்து, அதையும் எடுத்து வாயில் போட்டேன்.