அந்தியூர்ச் சந்தையில் எடுத்த கடைசிப் பேட்டி

என்கிட்ட பி.எச்டி. பண்றவங்க முதுகுக்குப் பின்னாடி எனக்கு ஒரு பட்டப்பேர் வெச்சிருக்காங்க. ஹுமேரா மேடம்னா மூக்கு மேல கோபம்னு டிபார்ட்மெண்ட்டுக்கே தெரியும். அதுக்காக நான் என்ன பண்றது? எழுதறேன் எழுதறேன்னு சொல்லிட்டு எழுதாம வந்து நின்னா எந்த கைடுக்குத்தான் பத்திக்கிட்டு வராது?

அதுல என் பிபியை ஏத்தின முதல் ஆள் பாலுசாமி சார். மின்வாரியத்துல ரிட்டயர் ஆனவர், என்னைவிட இருபது வயசாவது மூத்தவர். பல்லடத்துல இருந்து பஸ் ஏறி கோயமுத்தூர் வந்து, என் ரூம் கதவுகிட்ட நின்னு "வரலாமுங்களா மேடம்"ம்பார். வாரச்சந்தைகள்ல வியாபாரம் பண்ற பெண்களைப் பத்தித்தான் ஆய்வு. மத்த அத்தியாயமெல்லாம் முடிஞ்சு, நான் திருத்தியும் குடுத்தாச்சு. நாலாவது மட்டும் வரவே இல்லை.

"நாலாவது எங்க சார்?"

"வந்துட்டே இருக்குதுங்க மேடம்."

ஒரு வருசமா இதே பதில். நடுவுல துணைநூல் பட்டியலை அடுக்கிக் கொண்டு வருவார், மார்ஜினை மாத்திக் கொண்டு வருவார். கடைசி நீட்டிப்பு அந்த மாசத்தோட முடியுது. அதுக்குள்ள சப்மிட் பண்ணலைன்னா பதிவே ரத்து. பட்ட பாடெல்லாம் வீண்.

அன்னிக்கு முன்னுரையை மறுபடியும் திருத்திட்டு வந்து நின்னார். எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ!

"முன்னுரைல இனிமே தொடறதுக்கு ஒரு கமா கூட இல்லை சார்! விளையாடறீங்களா? பதிவு ரத்தானா யார்கிட்டப் போய் நிப்பீங்க?"

வராந்தாவுல போன பசங்க நின்னு பார்த்தாங்க. அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு மெதுவாச் சொன்னார்.

"ரத்தாகட்டுமுங்க மேடம்."

கதவைச் சாத்திட்டு, "உக்காருங்க சார்"னேன். என்ன ஏதுன்னு கேட்டேன்.

ஒரே ஒரு பேட்டிதான் கேட்டு எழுத வேண்டியது பாக்கியாம். அந்தியூர்ச் சந்தையில எடுத்தது. எடுத்தது அவர் இல்லை, அவர் சம்சாரம் குழந்தையம்மாள். சந்தைல இருக்கற பொம்பளைங்க இவரைக் கண்டா வாய் திறக்க மாட்டாங்க. அதனால வண்டில அந்த அக்காவைக் கூட்டிட்டுப் போய் இறக்கி விடுவார். அக்கா ஃபோன்ல ரெக்கார்டு போட்டுக்கிட்டுப் பேசும். எனக்கும் அந்த அக்காவை நல்லாத் தெரியும். ஒரு தடவை டிபார்ட்மெண்ட்டுக்கே வந்து, "மேடம், இவரை நல்லாத் திட்டுங்க, அப்பத்தான் எழுதுவாரு"ன்னு எனக்கு லைசென்ஸ் குடுத்துட்டுப் போச்சு. போன வருசம் இறந்துட்டாங்கன்னு கேட்டதும் நான் துக்கத்துக்குப் போய் வந்தேன்.

"அந்தியூருக்குப் போன அன்னிக்கே அவளுக்கு ஒடம்பு சரியில்லீங்க மேடம். எங்களுக்குத்தான் தெரியலை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரில சேத்தினோம், திரும்பி வரலை." பையை மடியில எடுத்து வெச்சுக்கிட்டார். "எம் பையன் சபரீசு, துக்கத்துக்கு வந்த ஒறம்பரையெல்லாம் இருக்கறப்பவே சொல்லிப்போட்டான். டாக்டர் பட்டத்துக்காக அம்மாவை வெயில்ல இழுத்துட்டுத் திரிஞ்சே கொன்னுபோட்டீங்கன்னு. பெங்களூருல இருக்கறான். அதுக்கப்புறம் சரியாவே பேசறதில்லீங்க."

நான் தண்ணி பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அந்தப் பேட்டில அவ மூச்சு வாங்கிட்டுப் பேசியிருந்தான்னா, பையன் சொன்னது நெசமுங்க. அப்புறம் அந்தப் பட்டம் எனக்கு வேண்டாமுங்க மேடம். அதுக்குப் பயந்துட்டே கேக்காம வெச்சிருக்கறேன்."

யா அல்லாஹ், இந்த மனுசனையா நான் ஊர் கேக்கக் கத்தினேன்!

"ஃபோனைக் குடுங்க சார். முதல்ல நான் கேட்டுட்டுச் சொல்றேன்."

பையில இருந்து அக்காவோட பழைய ஃபோனை எடுத்தார். குடுக்க வந்தவர் கையை இழுத்துக்கிட்டார். "நீங்க பக்கத்துல இருக்கறீங்கல்லங்க. ரெண்டு பேருமே கேட்டரலாம்."

போட்டார். ஒரே சந்தை இரைச்சல். தக்காளிக்காரன் தொண்டை கிழியக் கத்தறான். அப்புறம் அக்கா குரல், கணீர்னு. நாங்க எழுதிக் குடுத்த கேள்வியில ஒண்ணாவது கேக்கணுமே! கத்திரிக்காய்க்குப் பேரம் பேசிட்டு இருக்குது.

"பேட்டின்னு சொல்லிப்போட்டு வெலையக் கொறைக்கறயே அம்மணி"ன்னு கத்திரிக்காய் விக்கற அம்மா சொல்ல, அக்கா சிரிச்சுது. அந்தம்மா விடலை. "இந்த வெயில்ல உனக்கெதுக்கு இந்தப் பாடு? உங்க ஊட்டுக்காரர் படிக்கறதுக்கு அவரே வந்து கேக்கட்டுமே."

பாலுசாமி சார் மேசை விளிம்பைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டார்.

"அட நீங்க வேறக்கா! கண்ணாலமாகி இத்தனை வருசத்துல என்னை எங்கியாச்சும் கூட்டிட்டுப் போனாரா அந்த மனுசன்? எப்பக் கேட்டாலும் லீவு இல்லைம்பாரு. இப்பத்தான் வாராவாரம் வண்டில பின்னால உக்கார வெச்சு ஊர் ஊராக் கூட்டிட்டுப் போறாரு. இந்தப் படிப்பு முடிஞ்சுதுன்னா நான் மறுக்கா ஊட்லதான் கெடக்கோணும். இவரு மெதுவா எழுதட்டும் தாயேன்னு ஆனைமலை மாசாணியம்மன்கிட்ட வேண்டியிருக்கறேன். அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க!"

ரெண்டு பொம்பளைங்களும் சேர்ந்து சிரிச்ச சிரிப்போட பதிவு முடிஞ்சுது.

அடிப்பாவி அக்கா, ஒரு பக்கம் என்னைத் திட்டச் சொல்லிட்டு, இன்னொரு பக்கம் இந்த வேலையா பண்ணியிருக்கே! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துச்சு. அவருக்குத் தோள் குலுங்குச்சு.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க மேடம். நாந்தான் பாவம் அலைய வுடறனேன்னு நெனச்சுட்டு இருந்தேன்." முகத்தைத் துடைச்சுக்கிட்டார். "மறுக்கா போடலாமுங்களா?"

ரெண்டாவது தடவை கேக்கறப்ப காகிதத்தை எடுத்து வெச்சு வார்த்தை வார்த்தையா எழுத ஆரம்பிச்சார். நடுவுல நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"சிரிப்புக்கு அடைப்புக்குறி போடோணுமுங்களா மேடம்?"

"போடுங்க சார். சிரிச்ச இடத்துலெல்லாம் போடுங்க."

"ஆய்வுக்கு ஆகறாப்பல இதுல ஒண்ணுமே இல்லீங்களே."

"பின்னிணைப்புல முழுசாப் போடுங்க. தேர்வாளர் கேட்டா நான் பேசிக்கறேன்." அடுத்தவங்க எழுதினதைப் பக்கம் பக்கமா ஈவு இரக்கமில்லாம வெட்டற ஆள் நான்.

மாசம் முடியறதுக்கு முன்னாடி நாலாவது அத்தியாயம் வந்துச்சு. பைண்டிங் ஆகி, யுனிவர்சிட்டி ஆபீஸ்ல கவுண்டர்ல வாங்கிக்கிட்டு ரசீதும் குடுத்துட்டாங்க. நானும் கூடப் போயிருந்தேன். வெளிய வந்து மரத்தடியில நின்னு, அவர் தன்னோட ஃபோன்ல பையனைக் கூப்பிட்டார், ஸ்பீக்கர்ல போட்டு.

"சொல்லுங்கப்பா." வேலை நடுவுல எடுத்த குரல்.

"சபரீசு, உங்கம்மா பேசறா. கேளு சாமி."

இன்னொரு கையில அக்காவோட ஃபோனைப் பக்கத்துல கொண்டு போய்ப் பிடிச்சார். கத்திரிக்கா, பேரம், மாசாணியம்மன், சிரிப்பு எல்லாம் ஓடி முடிஞ்சுது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிருச்சோன்னு நான் எட்டிப் பார்த்தேன்.

"அப்பா..." குரல் உடைஞ்சிருந்துச்சு. "இன்னும் இருக்குதுங்களா?"

"நெறையா இருக்குது கண்ணு. ஊட்டுக்கு வா, கேக்கலாம்."